பங்களா காட்டிய நவமணி

மூங்கித் தோட்டத்துப் பங்களாவுக்குள் நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். இரண்டும் ஜப்பான்காரன் காலத்தில், 1943-ஆம் வருஷம், எனக்கு எட்டு வயதில். முதல் தடவை வாயைப் பிளந்துகொண்டு நடந்தேன். இரண்டாம் தடவை அழுதுகொண்டு வெளியே வந்தேன். இரண்டு தடவையும் எங்களை அழைத்துப் போய் அறை அறையாகச் சுற்றிக் காட்டியவர் நவமணி என்ற ஆயா. அவரைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். கொஞ்சம் நான் கண்ணால் பார்த்தது. மிச்சம், பல வருஷம் கழித்து நாங்கள் அலோர் ஸ்டார் பக்கம் மெர்கோங்கில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தபோது அவரே சொன்னது.

தோட்டம் மலாயாவின் கெடாவில், குருண் ஊரிலிருந்து நாலு மைல். காகிதத்தில் அதற்கு ஒரு மலாய்ப் பெயர் இருந்தது. வரும் வழியெல்லாம் மூங்கில் புதர் என்பதால் எங்கள் ஆட்கள் வாயில் அது மூங்கித் தோட்டம். நவமணி அங்கேயே, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவர். இருபது வயதில் கல்யாணம். இருபத்திமூன்றில் மலேரியா அவர் புருஷனைக் கொண்டுபோனது, அடுத்த மாதமே கைக்குழந்தையையும். அதற்கப்புறம் அவர் ரப்பர் மரத்துப் பால்வெட்டுக்குப் போகவில்லை. காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு மணி அடிக்கும்போது எல்லோரும் கிளம்ப, அவர் மட்டும் வீட்டுப் படியில் உட்கார்ந்திருப்பாராம். வேலை வாங்குகிற தண்டல் வந்து சத்தம் போட்டும் எழுந்திருக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் பங்களாவில் வெள்ளைக்காரத் துரையின் மனைவி துரைசாணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஆயா வேண்டும் என்று எர்னஸ்ட் கிராணி லயத்துக்கு வந்தார். தோட்டத்து ஆபீசில் கணக்கெழுதும் எர்னஸ்ட், சுங்கைப் பட்டாணி மாதாகோயில் குடும்பத்துப் பிள்ளை. நல்லவர், ஆனால் எதற்கும் பயப்படுகிறவர். நவமணியைப் பார்த்துவிட்டு, "இவ இப்படியே உக்காந்திருந்தா செத்துடுவா" என்று அவரைத்தான் கூட்டிப் போனார்.

அந்தக் குழந்தை பெயர் எல்ஸி. இங்கிலீசுக்கு முன்னால் தமிழ் பேசிய பிள்ளை. "ஆயா, தூக்கு" என்பதுதான் அது முதலில் சொன்ன வார்த்தை என்று நவமணி சொல்வார். ஏழு வருஷம் அதைக் குளிப்பாட்டி, சோறூட்டி, தூங்க வைத்தவர். அதன் ஒவ்வொரு கவுனையும் எந்த நாளில் போட்டது என்று அவருக்குத் தெரியும். மஞ்சள் கவுன் மூன்றாவது பிறந்த நாளுக்கு. நீலப் பூப்போட்டது பினாங்குக் கடற்கரைக்குப் போனபோது. வெள்ளைப் பட்டு, கைக்குழந்தையாக மாதாகோயிலில் பெயர் வைத்தபோது.

1941 டிசம்பரில் ஜப்பான்காரன் வடக்கே இறங்கிவிட்டான் என்று செய்தி வந்த மறுநாள், துரை காரைக் கொண்டுவந்து படிக்கட்டோடு ஒட்டி நிறுத்தினார். இரண்டு பெட்டிக்குத்தான் இடம். எல்ஸி நவமணியின் சேலையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. விரல் விரலாகப் பிரித்துத்தான் காரில் ஏற்றினார்கள். துரைசாணி சாவிக்கொத்தை நவமணி கையில் வைத்தார். "ரெண்டு வாரம். அவ்வளவுதான். திரும்ப வந்திடுவோம். பிள்ளை துணிக்குப் பூச்சி வராம பாத்துக்கோ" என்றார்.

கார் போன தூசி அடங்குவதற்குள் லயத்து ஜனம் பங்களா மேட்டுக்கு வந்துவிட்டது. ஊரெங்கும் அப்படித்தான் நடந்தது. குருண் கடைகளையே காலி பண்ணிக்கொண்டிருந்தார்கள். நவமணி சாமான் அறையை மட்டும் திறந்துவிட்டார். அரிசி, மாவு, சீனி, டின் மீன் எல்லாம் முற்றத்தில் இறங்கின. பிறகு அவர் படிக்கட்டின் நடுவில் போய் நின்றுகொண்டார்.

"சாப்பாட்டுச் சாமான் எல்லாத்தையும் எடுத்துக்குங்க. உள்ள மட்டும் யாரும் வராதீங்க."

கூட்டத்தில் மருதம்மாள் என்ற பால்வெட்டுக்காரி இருந்தாள். நவமணியோடு ஒன்றாக வளர்ந்தவள். இருளப்பன் என்பவரின் மனைவி. இடுப்பில் கைவைத்துக் கேட்டாள். "ஏண்டி, நம்மள ஒரு நாளு இந்தப் படியேற விட்டிருப்பானா? அந்த வீட்டுக்கு நீ காவலா?"

"என்கிட்ட சாவி குடுத்துட்டுப் போயிருக்காங்க. வந்து கேட்டா நான் என்ன சொல்லுவேன்?"

"வந்தால்ல! துரைசாணி வீட்டு நாயி!"

அன்றிலிருந்து லயத்தில் அவருக்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. கிணற்றடியில் அவர் போனால் பேச்சு நின்றுவிடும். அவர் பங்களாவின் பின்கட்டிலேயே தனியாக இருந்தார். புதன்கிழமை தோறும் எல்ஸியின் உடுப்புகளை எடுத்து வெயிலில் காயப்போட்டு, வேப்பிலை வைத்து, மறுபடி மடித்து அலமாரியில் அடுக்குவார். இரண்டு வாரம் ஒரு வருஷமானது. யாரும் வரவில்லை.

1943 மே மாதம் ஒரு ஜப்பானிய அதிகாரி வந்தார். குட்டையான, சுத்தமான மனிதர். வீட்டைச் சுற்றிப் பார்த்தவருக்கு ஒரு யோசனை. நாற்பது வருஷத்துப் பழைய வீடு. வெள்ளைக்காரன் எப்படி வாழ்ந்தானோ அப்படியே, ஒரு கரண்டி நகராமல் இருக்கிறது. இதைச் சுற்றுவட்டாரத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். தங்கள் அப்பா அம்மாவைப் பிழிந்து வெள்ளையன் எப்படிச் சொகுசாக இருந்தான் என்று அவர்கள் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு தோட்டத்துப் பள்ளிக்கூடம். காட்டுவதற்கு அந்த ஆயாவே இருக்கட்டும்.

சொல்ல வேண்டியதை எர்னஸ்ட் கிராணி தமிழில் எழுதினார். நவமணிக்குப் படிக்கத் தெரியாது. அதனால் ஆபீஸ் வராந்தாவில் உட்கார வைத்து வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார்.

"'குழந்தைகளே, இந்த வீட்டில் உள்ள ஒவ்வொரு பொருளும் உங்கள் தாய் தந்தையர் சிந்திய வியர்வையால் வந்தது.' சொல்லு."

நவமணி சொன்னார்.

"'வெள்ளையன் ஓடிவிட்டான். இனி இவையெல்லாம் ஆசிய மக்களாகிய உங்களுக்கே சொந்தம்.' சொல்லு."

நவமணி அதையும் சொன்னார்.

"அவ்வளவுதான். ஒரு வார்த்தை கூட்டாத, ஒரு வார்த்தை குறைக்காத. தப்பு வந்தா உன் தலை மட்டும் போகாது."

எங்கள் கல்லுமலைத் தோட்டத்தின் முறை ஜூன் மாதம் வந்தது. நடராஜா வாத்தியார் எங்களை இரண்டு மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார். இருபத்தைந்து பிள்ளைகள் இருப்போம். அந்த வருஷம் துணி என்பதே கிடைக்காது. இருந்தது கிழிந்தது, கிழிந்தது நைந்தது. பாதிப் பிள்ளைகள் அரிசிச் சாக்கில் கழுத்துக்கும் கைக்கும் ஓட்டை போட்டுத் தலையில் மாட்டியிருந்தோம். சாக்கு அக்குளில் அறுக்கும். வியர்த்தால் எரியும். சிரங்கு இல்லாத பிள்ளை இல்லை.

ஜப்பான் சக்கரவர்த்திக்கு வணக்கம் என்று முற்றத்தில் கிழக்கே பார்த்து நிற்க வைத்துக் குனிய வைத்தார்கள். பிறகு வரிசையாகப் படியேறினோம். கதவில் ஒரு மெலிந்த பெண், பழைய வெள்ளைச் சேலை, இடுப்பில் சாவிக்கொத்து. "காலைத் துடைச்சிட்டு வாங்க, கண்ணுங்களா" என்றார். துடைக்கிற துணியே எங்கள் உடுப்பைவிட நன்றாக இருந்தது.

பன்னிரண்டு பேர் உட்காரும் மேசையைப் பார்த்தோம். அதில் மொத்தம் மூன்று பேர்தான் சாப்பிடுவார்களாம். சுவரில் பழைய துரைமார்களின் படங்கள், வாய் திறந்த புலித்தோல், பியானோ. பியானோவை ஒரு பையன் தொட்டுவிட்டான்; அது சத்தம் போட்டதும் அலறி ஓடிவந்து வாத்தியாரைக் கட்டிக்கொண்டான். குளிக்கிற அறையில் ஆள் படுத்துக்கொள்ளும் அளவுக்கு ஒரு வெள்ளைத் தொட்டி. நவமணி ஒவ்வொரு அறையிலும் நின்று, மனப்பாடம் பண்ணினதை ஒரே தொனியில் ஒப்பித்தார். எங்களுக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. வியர்வை என்றால் எங்களுக்குத் தெரிந்தது சாக்குக்குள் எரிவது.

கடைசி அறை பிள்ளை அறை. சுவரோடு ஒரு கண்ணாடி அலமாரி. உள்ளே கவுன்கள். வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்தன, மஞ்சள், நீலம், இளஞ்சிவப்பு. கீழ்த்தட்டில் சின்னச் சின்ன உள்பாவாடைகள், மடிப்புக் கலையாமல். நாங்கள் பெண்பிள்ளைகள் எல்லாம் அங்கேயே நின்றுவிட்டோம். என் மூச்சு பட்டுக் கண்ணாடி மங்கியது. கையால் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

யாரோ ஒரு பிள்ளை கேட்டது. "ஆயாம்மா, இத இப்ப யாரு போட்டுக்கிறா?"

"யாரும் இல்ல, கண்ணு. அந்தப் பாப்பா ஊருக்குப் போயிடுச்சி."

"இனிமே எங்களுக்குச் சொந்தம்னு சொன்னீங்களே. அப்ப ஏன் பூட்டி வச்சிருக்கீங்க?"

வாத்தியார் அந்தப் பிள்ளையின் தலையில் ஒரு குட்டு வைத்து எங்களை வெளியே தள்ளினார். கேட்டது நான்தான் என்று பிற்பாடு நவமணி சொன்னார். எனக்குக் குட்டு வாங்கினது ஞாபகம் இருக்கிறது, கேட்டது ஞாபகம் இல்லை.

அதற்கு அடுத்த புதன்கிழமை காலை அவர் வழக்கம்போல உடுப்புகளை எடுத்து வந்து கொடியில் போட்டார். லயத்தில் அந்த வாரம்தான் ஆள் பிடித்திருந்தார்கள். சயாமுக்கு ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிப் போன முப்பது பேரில் இருளப்பனும் ஒருவர். மருதம்மாள் காட்டுக்கீரை பறித்துக்கொண்டு பங்களா மேட்டு வழியாக வந்தாள். பின்னால் அவள் மகள் செல்லாயி, ஆறு வயது, சாக்கில். கழுத்தைச் சுற்றிச் சாக்கு அறுத்த இடம் புண்ணாகி ஈ மொய்த்தது. பிள்ளை கொடிக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தது.

"வாடி, அதெல்லாம் பாக்காத" என்று மருதம்மாள் இழுத்தாள்.

நவமணி மஞ்சள் கவுனைக் கொடியிலிருந்து உருவினார். மூன்றாவது பிறந்த நாள் கவுன். அதை மூக்கருகில் கொண்டுபோனதாகவும், அதில் எல்ஸியின் வாசம் எப்போதோ போய்விட்டது, வேப்பிலை வாசம்தான் அடித்தது என்றும் என்னிடம் சொன்னார். "ரெண்டு வருஷமா நான் வேப்பிலைக்குத்தான் காவல் இருந்திருக்கேன், பிரேமா."

கவுனை மருதம்மாளிடம் நீட்டினார்.

மருதம்மாள் வாங்கவில்லை. "எதுக்கு? நாளைக்கு நான் திருடிட்டேன்னு சொல்றதுக்கா?"

"நான் குடுத்தேன்னு சொல்லுவேன்."

"துரைசாணி வந்து கேட்டா?"

"கேக்கட்டும். பிள்ளை கழுத்தப் பாரு, மருதம்மா."

மருதம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். இரண்டு பேரும் சேர்ந்து சாக்கை மெதுவாகக் கழற்றி, புண்ணைத் தண்ணீரால் கழுவி, கவுனை மாட்டினார்கள். சின்னதுதான்; முதுகில் பித்தான் போட வரவில்லை. செல்லாயி கையை விரித்து வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள், எங்கேயாவது கிழிந்துவிடும் என்று. மருதம்மாள் மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சாயந்திரம் வந்து, "அந்தக் கலரு ஊரெல்லாம் தெரியும்லா. மங்குஸ்தீன் தோல வேக வச்சு முக்கினா பழுப்பாயிடும். நான் செஞ்சு தரேன்" என்றாள்.

அப்படித்தான் ஆரம்பித்தது. மங்குஸ்தீன் பழக் காலம் அது. மருதம்மாள் வீட்டு அடுப்பில் பானை கொதித்தது. வெள்ளைக்காரப் பிள்ளையின் கவுன்கள் பழுப்பு நிறத்தில் வெளியே வந்தன. லேசையும் ரிப்பனையும் பிரித்து எடுத்துவிட்டு, பெரியதாக இருந்தால் இரண்டாக வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகள் வருவார்கள். நவமணி தாளில் உள்ளதை ஒப்பிப்பார். முடிந்ததும் யாருக்குப் புண் அதிகமோ அந்தப் பிள்ளையைப் பின்கட்டுக்குத் தண்ணீர் குடிக்க அழைப்பார். திரும்பி வரும்போது அது சாக்குக்குள் வேறொன்றையும் போட்டிருக்கும். அலமாரியில் உடுப்பு குறையக் குறைய, மிச்சத்தைத் தள்ளித் தள்ளி மாட்டினார். பிறகு கண்ணாடிக்குப் பின்னால் ஒரு திரையைத் தொங்கவிட்டார். படுக்கை விரிப்புகளும் போயின. பியானோவின் மேல்விரிப்பு இரண்டு பையன்களுக்குக் காற்சட்டையானது.

எர்னஸ்ட் கிராணிக்குத் தெரிந்துவிட்டது. லயத்தில் நடந்தது எதுவும் ஆபீசுக்குத் தெரியாமல் இருக்காது. ஒருநாள் அவர் வியர்த்து வழியப் பங்களாவுக்கு வந்தார்.

"நவமணி, நீ என்ன பண்றேன்னு தெரிஞ்சுதான் பண்றியா?"

"தெரியும் ஐயா."

"அவன் கண்டுபிடிச்சா?"

"ஐயா வீட்டுலயும் ஒரு சின்னப் பிள்ளை இருக்கில்ல?"

கிராணி கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். பிறகு, எதுவும் தனக்குத் தெரியாது என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அவர் வீட்டுப் பழைய தையல் ஊசிகள் நாலும் ஒரு நூல்கண்டும் தபால் பையன் மூலம் வந்தன.

செப்டம்பரில் எங்கள் பள்ளிக்கூடத்தை மறுபடியும் வரச் சொன்னார்கள். அலோர் ஸ்டாரிலிருந்து படம் பிடிக்கிறவர் வருகிறார். கல்லுமலைப் பிள்ளைகள் நன்றாகக் குனிவார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எனக்குக் காய்ச்சல் விட்டு மூன்று நாள். அக்குள் இரண்டும் வெந்திருந்தது. நான் கையை அகட்டி நடப்பதைப் பார்த்து நவமணி என்னைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டார். சாக்கைக் கழற்றி, தேங்காய் எண்ணெய் தடவி, எல்ஸி ஏழு வயதில் போட்ட ஒரு வெள்ளைப் பட்டு உள்சட்டையை எடுத்தார். சாயம் போட நேரமில்லாமல் இருந்தது அது ஒன்றுதான்.

"மேல சாக்கு இருக்கட்டும். வீட்டுக்குப் போற வரைக்கும் கழட்டாத. என்னா?"

நான் தலையாட்டினேன். அந்தப் பட்டு உடம்பில் பட்டபோது எப்படி இருந்தது என்று எனக்கு இன்றைக்கும் சரியாகச் சொல்ல வரவில்லை. தண்ணீரில் இறங்கினது மாதிரி இருந்தது.

அதிகாரி வந்தார். படம் பிடிக்கிறவர், ஒரு சீனர், கறுப்புத் துணியும் மூன்று கால் பெட்டியுமாக வந்தார். எர்னஸ்ட் கிராணியும் கூட இருந்தார். முதலில் சாப்பாட்டு மேசை முன்னால் ஒரு படம். பிறகு அதிகாரி எங்களைப் பிள்ளை அறைக்கு நடத்தினார். சாக்கு கட்டிய பிள்ளைகள் முன்னால், வெள்ளைக்காரப் பிள்ளையின் உடுப்புகள் பின்னால். அதுதான் அவருக்கு வேண்டிய படம். எங்களை இரண்டு வரிசையாக நிற்க வைத்தார்கள். நான் முன்வரிசையில் நின்றேன். அதிகாரி போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்து திரையை இழுத்தார்.

உள்ளே ஒரு மழைக்கோட்டு தொங்கியது. அவ்வளவுதான்.

அதிகாரி கீழ்த்தட்டை இழுத்தார். அதுவும் காலி. திரும்பி நவமணியைப் பார்த்து, அவருக்குத் தெரிந்த மலாயில், "பாஜு மானா?" என்றார். உடுப்பு எங்கே என்று.

நவமணிக்குப் பங்களா சமையற்கட்டு மலாய் நன்றாக வரும்; ஐயா என்பதற்குத் துவான். எங்களுக்கும் புரிந்தது.

"பிள்ளைங்க எடுத்துட்டுப் போச்சிங்க, துவான்."

"யார் சொல்லி?"

"துவான் சொல்லித்தான்."

எர்னஸ்ட் கிராணி கண்ணை மூடிக்கொண்டார். நவமணி நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனார்.

"இந்த வீட்டுல உள்ள ஒவ்வொரு பொருளும் உங்க அப்பா அம்மா வேர்வையில வந்தது, இனிமே இதெல்லாம் உங்களுக்கே சொந்தம்னு தாளுல எழுதிக் குடுத்தீங்க. ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம நான் சொன்னேன். பிள்ளைங்க நம்பிடுச்சிங்க. சின்னப் பிள்ளைங்ககிட்ட பொய் சொல்லலாமா, துவான்?"

பெரிய தைரியசாலியாக நின்று பேசினார் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். அவரிடமே சொன்னபோது சிரித்தார். "தைரியமும் இல்ல ஒண்ணும் இல்ல. பயத்துல எனக்கு எல்லாம் மறந்துபோச்சி. அந்தத் தாளுல உள்ளது மட்டும்தான் மனப்பாடமா இருந்திச்சி. அதைச் சொன்னேன்."

அதிகாரி அறைந்தார். இடது கன்னத்தில் இரண்டு, சேர்ந்தாற்போல. நவமணி அலமாரியில் மோதிக் கீழே விழுந்தார். அப்போது நான் அழுதுகொண்டே ஓரடி முன்னால் வந்திருக்க வேண்டும். அதிகாரி என் பக்கம் திரும்பினார். சாக்கின் கழுத்து ஓட்டையில் வெள்ளைப் பட்டு தெரிந்தது. கையில் இருந்த பிரம்பின் நுனியால் சாக்கை விலக்கிப் பார்த்தார். எண்ணெய் தடவின புண்ணும், அதற்கு மேலே பட்டும். நான் அப்படியே ஒன்றுக்குப் போய்விட்டேன்.

அவர் என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியாது. பிடுங்கச் சொல்லியிருக்கலாம், அடித்திருக்கலாம். ஆனால் பிரம்பைப் பின்னால் இழுத்துக்கொண்டார். ஜப்பான் பாஷையில் ஏதோ கத்தினார். எங்களைப் பியானோ முன்னால் நிற்க வைத்துப் படம் எடுத்து முடிக்கச் சொன்னார். நவமணியை முற்றத்துக்கு இழுத்துப் போனார்கள்.

அவரை வெயிலில் நிறுத்தி, சாப்பாட்டு மேசையின் கனமான நாற்காலி ஒன்றைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடிக்க வைத்தார்கள். கை இறங்கினால் சிப்பாய் துப்பாக்கிக் கட்டையால் முட்டியில் இடிப்பான். எங்கள் வண்டி கிளம்பும்போது அவர் அப்படி நின்றுகொண்டிருந்தார். காதிலிருந்து கழுத்து வரை ரத்தம் கோடாக இறங்கியிருந்தது.

அப்புறம் நடந்தது மருதம்மாள் சொன்னது. மூன்று மணி வாக்கில் அதிகாரியின் கார் போனது. சிப்பாய்களும் போனார்கள். நவமணி நாற்காலியை இறக்கவில்லை. இறக்கலாம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. லயத்துப் பெண்கள் மேட்டுக்கு ஏறி வந்தார்கள். மருதம்மாள்தான் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து நாற்காலியை வாங்கினாள்.

"போதும்லா, போயிட்டாங்க. வா வீட்டுக்கு."

"பங்களாவப் பூட்டணும்..."

"கிராணியாரு பூட்டிக்குவாரு. நீ வா."

பக்கத்தில் நின்ற எர்னஸ்ட் கிராணி, "நீங்க போங்கம்மா, சாவிய என்கிட்ட குடுங்க" என்றார்.

நவமணி பங்களாப் பின்கட்டுக்குத் திரும்பிப் போகவே இல்லை. மருதம்மாள் வீட்டில் ஒரு பாயைச் செல்லாயிக்குப் பக்கத்தில் விரித்தார்கள். அது அவருடைய இடமானது. இடது காது அன்றோடு போயிற்று. தண்டனையாக மரவள்ளித் தோட்டத்தில் மண் வெட்டப் போட்டார்கள். அவரால் கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியாது. அதனால் அவர் வரிசையை இரண்டு பக்கத்திலும் நிற்கிற பெண்கள் பாதிப் பாதியாக வெட்டிவிடுவார்கள். அவர் அவர்களுடைய பிள்ளைகளை மரத்தடியில் வைத்துப் பார்த்துக்கொண்டார். கங்காணி பார்த்தும் பார்க்காதது போல் போவார்.

அக்டோபரில் கெடாவைச் சயாமுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். அந்த அதிகாரி எங்கேயோ மாற்றலாகிப் போனார். பங்களாவில் சிப்பாய்கள் தங்கினார்கள். மேசையையும் பியானோவையும் உடைத்து அடுப்பெரித்தார்கள். பிள்ளைகளை யாரும் அதற்குப் பிறகு அங்கே அழைத்துப் போகவில்லை.

இருளப்பன் திரும்பவில்லை. சண்டை முடிந்து சயாமிலிருந்து வந்தவர்களில் ஒருவர், அவர் காலராவில் போனதைச் சொன்னார். செய்தி வந்த அன்று செல்லாயியை மடியில் போட்டுக்கொண்டிருந்தது நவமணிதான். மருதம்மாளால் பிள்ளையைப் பார்க்க முடியவில்லை.

1946-ல் புதுத் துரை வந்தார். பழைய துரை சிறை முகாமில் இறந்துவிட்டார். துரைசாணியும் எல்ஸியும் ஆஸ்திரேலியாவில் நன்றாக இருக்கிறார்கள் என்று புதுத் துரை மூலம்தான் தெரிந்தது. கிராணி அதை மொழிபெயர்த்துச் சொன்னபோது நவமணி ஆபீஸ் வராந்தாவிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். அடி வாங்கினபோதுகூட அழாதவர், அன்றைக்குச் சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். பிறகு எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, பங்களா உடுப்புகளையும் விரிப்புகளையும் தான் எடுத்துப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். புதுத் துரை அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள். ஆயா வேலைக்கு மறுபடியும் வர முடியுமா என்று கேட்டார். பழைய சம்பளம், அதே அறை.

"வேணாம் துரை" என்றார் நவமணி.

கிராணி திடுக்கிட்டார். "யோசிச்சுச் சொல்லுங்கம்மா."

"யோசிச்சாச்சு ஐயா. லயத்துல ஆயாக் கொட்டகை விழுந்து கெடக்குது. தாய்ங்க பால்வெட்டப் போனா பிள்ளைங்க மரத்தடியில கெடக்குதுங்க. எனக்கு அங்க வேலை குடுக்கச் சொல்லுங்க."

கிராணி சொன்னார். துரை சரி என்றார். வேறு ஏதாவது வேண்டுமா என்று மரியாதைக்குக் கேட்டார். இப்படிக் கேட்டால் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வருவதுதான் தோட்டத்து வழக்கம்.

நவமணி தன் நல்ல காதைக் கிராணி பக்கம் திருப்பி, கேட்டது சரிதானா என்று உறுதி பண்ணிக்கொண்டார்.

"கூரைக்குத் தகரம் வேணும். பழசு வேணாம், ஒழுகும். தெனமும் பால்மாவு. தொட்டில் கட்ட நல்ல துணி. கொட்டகைக்குப் பக்கத்துல ஒரு தண்ணிக் குழாயி" என்றார்.

துரை சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார். தகரமும் துணியும் ஒரு மாதத்தில் வந்தன, பால்மாவு வந்தது. குழாய்க்கு மட்டும் மூன்று வருஷம் ஆயிற்று; அதற்காக அவர் மாதம் ஒரு தடவை ஆபீஸ் படியேறினார்.